கும்பிட்டபடி நின்ற பட்டாளம்

கண்ணு,

கல்யாண வேலையில் வீடே ஆளுக்கொரு பக்கம் ஓடிக்கொண்டிருக்கும்போது அம்மா மட்டும் மாடி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு என்ன செய்கிறாள் என்று கீழே உன் சித்தி கேட்டுக்கொண்டிருக்கிறாள். கேட்கட்டும். இதை நேரில் சொல்ல உட்கார்ந்தால் நீ "சரிம்மா, சரிம்மா" என்று போனைப் பார்க்க ஆரம்பித்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். நிச்சயதார்த்தத்தன்று பந்தியில் நடந்த ஒன்றைப் பற்றி. உன் சித்தப்பா நித்யாவிடம், "லீவு நாள்ல இன்னாம்மா பண்ணுவ?" என்று சும்மாத்தான் கேட்டார். அந்தப் பெண்ணும் முகம் மலர்ந்து, விரல் உயரப் பொம்மைகளாக வாங்கி, வர்ணம் தீட்டி, மேஜைமேல் இரண்டு பக்கமும் படை நிறுத்திச் சண்டை ஆட்டம் ஆடுவேன் என்றாள். "கல்யாணம் ஆவற வயசுல சொப்பு வெளயாட்டா!" என்று அவர் சொன்னதும் பந்தியே சிரித்தது. அவள் யாரையும் பார்க்கவில்லை, உன்னைத்தான் பார்த்தாள். நீ இலையில் இருந்த அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தாய்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நீயும் அவளோடு உட்கார்ந்து அதையே ஆடுகிறாய் என்பது எனக்குத் தெரியும். "இந்த வாரமும் தோத்துட்டேம்மா" என்று நீயே என்னிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாய். அன்று பந்தியில் அதை நீ சொல்லவில்லை. எதிர் வரிசையில் இருந்த நானும் வாயைத் திறக்கவில்லை, ரசத்தை ஊற்றச் சொல்லிவிட்டுக் குனிந்துகொண்டேன். ஆனால் அந்த அப்பளம் நொறுங்கின சத்தம் எனக்குள் இன்னும் நிற்கவில்லை. குனிந்த உன் முகத்தில் நான் உன் அப்பாவைப் பார்த்தேன். திண்டிவனத்து வீட்டின் சாக்கு அறையில், நீ என் வயிற்றில் இருந்தபோது, பார்த்த அதே முகம்.

விழுப்புரத்தில் எங்கள் வீடு ரயில்வே குவார்ட்டர்ஸ் என்பது உனக்குத் தெரியும். எனக்கும் உன் முரளி மாமாவுக்கும் ஒரு வயதுதான் வித்தியாசம், அதனால் அவன் என்னை அக்கா என்று கூப்பிட்டதே இல்லை. ஜங்ஷன் புத்தகக் கடைக்கு மாதம் ஒரு முறை ஒரு சித்திரக்கதைப் புத்தகம் வரும். உள்ளங்கை அகலம்தான், மை கையில் ஒட்டும். அதில் தொடராக ஒரு கதை வந்தது. கண்ணுக்கு எட்டிய தூரம் உப்பு பூத்த வெளி, நடுவில் ஒரு கோட்டை, உள்ளே ஒற்றைக் கைத் தளபதியும் அவனுடைய சிறு பட்டாளமும். வெளியே குதிரையிலும் ஒட்டகத்திலும் எதிரிகள் வளைத்து நிற்பார்கள். கோட்டைக் கிணறு வற்றிக்கொண்டே வரும். நாங்கள் அதை உப்புக்கோட்டை என்போம். கல்லூரிக்குப் போகும் வயதிலும் இரண்டு பேரும் அதற்காக அடித்துக்கொள்வோம். ஒரு மாதம், தளபதி தன் ஒற்றைக் கையைக் கதவின் தாழ்ப்பாளில் வைத்திருக்கும் படத்தோடு கதை நின்றது. அடுத்த மாதம் புத்தகம் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் வரவில்லை. முரளி கடைக்காரரைப் போய்ப் போய் நச்சரித்ததில், "கம்பெனியே மூடிட்டாங்கப்பா, என்னைப் பேஜார் பண்ணாத" என்று அவர் துரத்திவிட்டார். கோட்டைக்குள் இருந்தவர்கள் அப்படியே உள்ளே மாட்டிக்கொண்டார்கள்.

எனக்கும் அந்த வருஷமே கல்யாணம் ஆனது. திண்டிவனத்து வீட்டில்தான் நீ வளர்ந்தாய், உனக்கு அது மூட்டைமேல் ஏறி விளையாடிய இடம். எனக்கு அது வேறு. முன்பக்கம் முழுக்க உன் தாத்தாவின் மல்லாட்டை மண்டி, எங்கு பார்த்தாலும் வேர்க்கடலை மூட்டை, பின்பக்கம் வீடு. வீட்டுக்கென்று தனி வாசல் கிடையாது. கொல்லைக் கதவைத் திறந்தால் பக்கத்து அரிசி ஆலையின் சுவர் மூக்கில் இடிக்கும். தெருவுக்குப் போக வேண்டுமானால் மண்டிக்குள் நுழைந்து, மூட்டை தூக்குகிறவர்கள், எடை போடுகிறவர்கள், காய் கொண்டுவந்த ஊர்க்காரர்கள் எல்லோரையும் தாண்டி, கல்லாவில் உட்கார்ந்திருக்கும் உன் தாத்தா முன்னால் நின்று போக வேண்டும். அவர் ஒரு நாளும் போகாதே என்று சொன்னதில்லை. "எங்கம்மா?" என்று மட்டும் கேட்பார். கேட்டதும் எடை போடுகிறவன் கை நிற்கும், மண்டி முழுக்க என் பதிலுக்குக் காத்திருக்கும். நூல்கண்டு வாங்கப் போகிறேன் என்று அத்தனை ஆண்களுக்கு நடுவில் சொல்லிப் பார். இரண்டு மூன்று தடவைக்குப் பிறகு நான் வெளியே போவதையே விட்டுவிட்டேன். யாரும் என்னைப் பூட்டி வைக்கவில்லை கண்ணு. அதனால் யாரிடமும் புகார் சொல்லவும் முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மண்டி லீவு. மதிய நேரத்தில் முரளி விழுப்புரத்திலிருந்து பஸ் பிடித்து வருவான். அப்படி ஒரு நாள் வந்தபோது, பேச்சுவாக்கில் நான்தான் சொன்னேன். கதையை அவர்கள் முடிக்காவிட்டால் என்ன, நாம் ஆடி முடிப்போம், கோட்டை ஒரு பக்கம், எதிரி ஒரு பக்கம், தாயக்கட்டை உருட்டுவோம், உள்ளே இருப்பவர்கள் தப்புகிறார்களா இல்லையா என்று பார்த்துவிடுவோம். அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "புள்ளத்தாச்சிக்கு வர்ற ஆசையா இது? மாங்கா கேளு, வாங்கியாறேன்" என்றான். சொன்னானே தவிர அடுத்த வாரமே பழைய இதழ்களைப் புரட்டி, எத்தனை பேர் உள்ளே, எத்தனை பேர் வெளியே என்று ஆராய்ந்துகொண்டு வந்து நின்றான்.

சாக்கு அறையில் காலிச் சாக்குகளை ஓரம் தள்ளி, கோலமாவால் கோட்டை மதில் போட்டேன். விதிகளை நானே வகுத்தேன். குதிரை ஒரு சாண் போகும், காலாள் நாலு விரற்கடை. ஈட்டி எட்டும் தூரத்தில் வந்தால் தாயம் உருட்ட வேண்டும், தாயம் விழுந்தவன் பிழைத்தான். எல்லாம் சரி, படைக்கு ஆள் வேண்டுமே. புளியங்கொட்டையை வைத்து ஆடிப் பார்த்தோம். புளியங்கொட்டை செத்தால் யாருக்கு வருத்தம் வரும்? முகம் உள்ள பொம்மை வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். தேடுகிற கால் அவனுடையது, விரட்டுகிற வாய் என்னுடையது.

அவன் பட்ட பாட்டைச் சொன்னால் நித்யா சிரிப்பாள். விழுப்புரம் பேன்சி கடையில் பச்சை பிளாஸ்டிக் சிப்பாய்கள் கிடைத்தார்கள், ஆனால் எல்லார் கையிலும் துப்பாக்கி. உப்புக்கோட்டையில் துப்பாக்கியே கிடையாது. கத்தியைக் காய்ச்சித் துப்பாக்கிகளை அறுத்தோம், மொத்தப் படையும் கையை நீட்டிப் பிச்சை கேட்கிற மாதிரி ஆகிவிட்டது. சதுரங்கக் குதிரைகளுக்குத் தலை மட்டும்தான் இருந்தது. கொலுக் கடையில் வாங்கி வந்த தவில்காரர் எங்கள் கோட்டை மதிலைவிட உயரமாக இருந்தார். அய்யனாருக்குக் குதிரை செய்யும் வேளாரிடம் போய், விரல் நீளத்தில் குதிரை செய்து தர முடியுமா என்று கேட்டிருக்கிறான். அவர், "எந்த சாமிக்கு?" என்று கேட்டார். முரளி உப்புக்கோட்டைக் கதையைச் சொல்ல ஆரம்பித்தான். "சாமி பேரு சொல்லாம குதுர செய்யறதில்ல தம்பி" என்று அவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். கடைசியில் முரளியே ஏரி மண் பிசைந்து செய்து காயவைத்தான். காய்ந்ததும் எல்லாக் கால்களும் ஒடிந்தன. எங்கள் குதிரைப்படை முழுவதும் படுத்துக்கொண்டேதான் போருக்கு வந்தது.

பட்டாளத்துக்கு ஆள் கிடைத்ததுதான் வினையாகிப் போனது. ஆடி மாதத்தில் ஒரு மாரியம்மன் கோயில் வாசலில் முரளி அதைக் கண்டான். நோய் தீர வேண்டிக்கொண்டு உண்டியலில் போடுவதற்கு மெல்லிய தகட்டில் அச்சடித்து விற்பார்களே, உரு. கண் வலிக்குக் கண், கால் வலிக்குக் கால், உடம்பு மொத்தத்துக்கும் ஆள் உரு. ஒவ்வொன்றும் இரண்டு விரல் உயரம், எல்லாம் ஒரே அளவு, எல்லோருக்கும் கண்ணும் மூக்கும் உண்டு. ஒரு கை நிறைய ஆள் உரு அள்ளியவனைப் பார்த்துக் கடைக்காரம்மா, "இவ்ளோ பேருக்கா? இன்னா நோவுப்பா?" என்று கேட்டிருக்கிறாள். "குடும்பத்துக்கே" என்று சொல்லியிருக்கிறான். பாவம், அவள் இரண்டு உருவைச் சும்மாவே சேர்த்துக் கொடுத்தாளாம். சாமிக்கென்று வாங்கிய உருவை வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாமல் இல்லை. ஆட்டம் முடிந்ததும் உண்டியலில் சேர்த்துவிடலாம் என்று நான்தான் சமாதானம் சொன்னேன்.

களிமண் உருண்டையில் குத்தி நிறுத்தினோம். அத்தனை பேரும் கும்பிட்டபடி நின்றார்கள், உரு அப்படித்தானே இருக்கும். சாமி கும்பிட்டுக்கொண்டே சண்டை போடும் பட்டாளத்தை வேறு எங்கும் பார்த்திருக்க மாட்டாய். ஈட்டிக்குப் பதில் ஆளுக்கொரு குண்டூசியைச் செருகினோம். தளபதிக்கு ஒரு கைதானே, ஒரு உருவின் இடது கையைக் கத்தரிக்கோலால் நறுக்கிவிட்டேன்.

உன் அப்பா இதையெல்லாம் பார்க்காமல் இல்லை. முதலில் கதவோரம் நின்று பார்த்தார், அப்புறம் உட்கார்ந்து பார்த்தார், அப்புறம் முரளிக்குப் பதில் தாயம் உருட்டவும் ஆரம்பித்தார். மண்டி வேலையாகப் பாண்டிச்சேரி போனவர், ஒரு நாள் சட்டைப் பையிலிருந்து காகிதத்தில் சுற்றிய ஒன்றை எடுத்துக் கொடுத்தார். கிறிஸ்துமஸ் குடிலில் வைப்பார்களே, ஒட்டகத்தின்மேல் உட்கார்ந்த ராஜா. நீல அங்கி, பொன் கிரீடம், அழகென்றால் அவ்வளவு அழகு. "எதிரி ராசா இல்லாம எப்படிச் சண்ட? பஸ்ல வழி பூரா உடைஞ்சிடுமோன்னு கையிலயே வச்சிக்கினு வந்தேன்" என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவர் எனக்கென்று யோசித்து வாங்கி வந்த முதல் பொருள் அதுதான். அந்த வீட்டுக்குள் எனக்கு மூச்சு விட ஓர் இடம் கிடைத்துவிட்டதாக நினைத்தேன்.

கார்த்திகையில் ஒரு காலை, உன் தாத்தாவுக்கு இடது கை விழுந்துவிட்டது. தம்ளரைப் பிடிக்க முடியவில்லை, வாய் லேசாகக் கோணியது. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கூட்டி வந்தார்கள். பார்த்துக்கொள்ள ஓமந்தூரிலிருந்து அவருடைய தங்கை வந்தாள், உன் அப்பாவுக்கு அத்தை, நானும் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அண்ணன் மேல் உயிரையே வைத்திருந்தவள். அவர் கட்டிலுக்கு அடியில் விரிக்கச் சாக்கு எடுக்கப் போனவள் போட்ட கூச்சலில் மண்டியில் தராசு நின்றது.

நான் ஓடும்போதே உன் அப்பா அங்கே போய்விட்டார். மாவுக் கோட்டுக்குப் பக்கத்தில் குனிந்து எதையோ பார்த்துவிட்டு நிமிர்ந்தார். அத்தை, நறுக்கிய உருவைக் கையில் பிடித்திருந்தாள். எனக்கு அப்போதுதான் அவள் கண்ணால் அந்த அறையைப் பார்க்க முடிந்தது. மாவுக் கட்டம், மண் உருண்டை, ஊசி செருகிய ஆட்கள், கை வெட்டிய ஒரு ஆள். பக்கத்து அறையில் கை விழுந்த மனுஷர்.

"இன்னாடி இது?"

"வெளயாட்டு அத்த."

"சாமி உருவ வச்சிக்கினு வெளயாட்டா? ஊசி குத்தி வச்சிருக்கியே, அதுவும் வெளயாட்டா? இது யாரு கைடீ?"

"கதையில வர்ற தளபதியோட கை அத்த அது. படம் போட்ட பொஸ்தகத்துல வரும். முரளிகிட்ட இருக்கு, வேணும்னா வரச் சொல்லிக் காட்டறேன்."

"எங்கண்ணனுக்குச் செய்வினை வச்சதுமில்லாம அதுக்கு ஒரு கத வேறயா?"

மண்டி ஆட்கள் வாசலில் கூடிவிட்டார்கள். அத்தை உன் அப்பாவின் பக்கம் திரும்பினாள். "நீ சொல்றா. உன் பொண்டாட்டி இங்க இன்னா பண்ணிக்கினு இருந்தான்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

நான் அவரைப் பார்த்தேன். எனக்குப் பயமே இல்லை கண்ணு, அதுதான் இன்றைக்கும் வலிக்கிறது. அவர் சொல்லிவிடுவார், அத்தை கொஞ்சம் திட்டிவிட்டு அடங்கிவிடுவாள் என்று நிம்மதியாகவே நின்றுகொண்டிருந்தேன். அவர் தரையைப் பார்த்தார். காலால் ஒரு சாக்கு நூலை நெருடினார்.

"தெரியாது அத்த" என்றார்.

என்னை அன்றைக்கே பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும் என்று அத்தை பிடிவாதமாக நின்றாள். வயிற்றில் நீ இருந்ததால் பேச்சு கொஞ்சம் இறங்கி வந்தது. உருவையெல்லாம் என் கையாலேயே அம்மன் உண்டியலில் போட்டு மன்னிப்புக் கேட்க வேண்டும், முரளி இனிமேல் அந்த வாசல் மிதிக்கக் கூடாது, இதுதான் முடிவு. மறுநாள் மண்டி வழியாக நடந்தேன். பல மாதங்களுக்குப் பிறகு வெளியே போகிறேன், "எங்கம்மா?" என்று கேட்க யாரும் இல்லை. மூட்டைக்காரர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள், மரியாதையால் அல்ல. உண்டியல் வாயில் ஒவ்வொருவராகப் போட்டேன். கும்பிட்டபடியே உள்ளே விழுந்தார்கள். ஒரு கோட்டையிலிருந்து வெளியே கொண்டுவர நினைத்தவர்களை இன்னொரு பெட்டிக்குள் நானே போட்டுவிட்டேன். தளபதியைக் கடைசியாகப் போட்டேன்.

உன் தாத்தாவின் கை பாதி திரும்பியது. உரு போட்டதால்தான் கை வந்தது என்று அத்தை சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள், அதாவது செய்வினை வைத்தவள் நான்தான் என்று. தாத்தா என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஆனால் நான் தண்ணீர் கொடுத்தால், என் முகத்தை ஒரு முறை பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். அவர் இருந்த அத்தனை வருஷமும் அப்படித்தான். முரளி வடக்கே வேலை தேடிப் போனான், பிறகு உன் காதுகுத்துக்குத்தான் அவனைப் பார்த்தேன். நான் அந்த வீட்டில் சமைத்தேன், உன்னை வளர்த்தேன், சிரிக்கவும் சிரித்தேன். வெளியே போகக் கேட்டதில்லை.

ஒட்டகத்தை மட்டும் அன்றைக்கு அங்கே காணோம். கலவரத்தில் யார் காலிலோ மிதிபட்டிருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். தாத்தா போய், மண்டியை மூடினோமே, நீ பத்தாவது படித்தபோது, கல்லாப் பெட்டியைத் துடைக்கையில் அதன் உள்ளறையில் அது இருந்தது. நீல அங்கி கொஞ்சமும் மங்கவில்லை. அன்று உன் அப்பா எதற்குக் குனிந்தார் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அதைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன். ஒட்டகத்தைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "அத்த பாத்தா நான்தான் வாங்கியாந்தேன்னு தெரிஞ்சிடுமே... பாண்டிக்கு வேற யாரு போறது?" என்றார். என்னிடம் பொய் சொல்லத் தெரியாத மனுஷர். அவர் அன்றைக்குக் காப்பாற்றியது ஒட்டகத்தைத்தான், என்னை அல்ல.

உன் அப்பாவை நல்லவர் இல்லை என்று நினைத்துவிடாதே. உனக்கு மஞ்சள் காமாலை வந்தபோது தோளிலேயே தூக்கித் திரிந்தவர் அவர். இன்றைக்கும் நான் சாப்பிடாமல் ஒரு வாய் சாப்பிட மாட்டார். கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபம், கோபித்துக்கொண்டு முடித்திருப்பேன். நல்ல மனுஷர், நாலு பேர் பார்க்கும்போது மட்டும் தரையைப் பார்ப்பார். அப்படிப்பட்டவரோடு கோபமாகவும் இருக்க முடியாது, நம்பவும் முடியாது. உள்ளே இருந்து கதவைத் திறப்பது எப்படி என்று நானும் முரளியும் அவ்வளவு மண்டையை உடைத்துக்கொண்டோம். வெளிப்பக்கமும் ஒரு தாழ்ப்பாள் உண்டு என்பதை நாங்கள் யோசிக்கவே இல்லை.

ஒட்டகம் இப்போது என் பீரோவில் இருக்கிறது. அதை நித்யாவுக்குக் கொடுக்கப் போகிறேன். உப்புக்கோட்டைக் கதையையும் சொல்லி, அவளிடம் இருக்கும் பொம்மைகளை வைத்து அதை ஆடி முடிக்கலாம் என்று கேட்கப் போகிறேன். தளபதி தாழ்ப்பாளில் வைத்த கையை எடுக்காமல் இத்தனை காலம் நின்றுகொண்டிருக்கிறான், பாவம். உன் அப்பாவும் வந்து உட்கார்ந்தால் தாயக்கட்டையைக் கொடுப்பேன்.

நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். கல்யாணத்தன்று பந்தியில் உன் சித்தப்பா மறுபடியும் அந்தச் சொப்புக் கதையை எடுப்பார். எடுக்காமல் இருக்க அவரால் முடியாது. எல்லோரும் சிரிப்பார்கள், அவள் உன்னைப் பார்ப்பாள். அப்போது அப்பளத்தைக் கீழே வை. நிமிர்ந்து உட்கார்ந்து, "நானும்தான் சித்தப்பா ஆடறேன், வாராவாரம் அவகிட்ட தோக்கறேன்" என்று சொல். அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி முணுமுணுக்காதே. நான் அந்தக் கோடியில், பெண்கள் வரிசையில் கடைசி இலையில் உட்கார்ந்திருப்பேன். எனக்குக் கேட்க வேண்டும்.

அம்மா